அஞ்சாங்கவிக்குக் காத்திருக்கும் குழி

குழியை அந்த இடத்தில் வெட்டச் சொன்னவனும் நீதான், அதை மூடவிடாமல் பாதியில் போனவனும் நீதான். அண்ணனுக்குப் புழுக்கம் ஆகாது, கடல்காற்று மேலே படணும் என்று கல்லறைத் தோட்டத்தின் கிழக்கோரத்தில், வேப்பமரத்துக்கும் மதிலுக்கும் நடுவே, காலால் கோடு கிழித்துக் காட்டிய அதே மனுஷன், நாலு கவி பாடி முடித்து உன் கவி வந்த நேரத்தில் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊரே பார்த்து நிற்க, கழற்றிப் போட்ட செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு வெளியே நடந்தாய். ஒன்பது வருஷம் ஆகிறது. உன் செருப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. உன் அண்ணனும், என் புருஷன், இங்கேதான் இருக்கிறார்.

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனால் ஒன்றும் தெரியாதவன் போல ஓசூரில் போய் உட்கார்ந்திருக்கிறாயே, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். இந்த ஆலமுனையில் முதன்முதல் ஞானஸ்நானம் வாங்கியது ஏழு வீடு. அந்த ஏழு வீட்டுக்கும் ஜெர்மன் தேசத்துப் பாதிரி ஒருத்தர் தன் ஊர் அடக்கப் பாட்டைத் தமிழில் கட்டிக் கொடுத்தபோது புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது, படிக்கத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. ஆகவே பாட்டின் ஏழு பத்தியையும், கவி என்று நாம் சொல்வதை, வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, உன் கவியை நீ மறந்தால் உன் அண்டை வீட்டுக்காரன் நடுவழியில் நிற்பான் என்று சொல்லிவிட்டு அவர் கப்பலேறினார். புத்தகம் கரையானுக்குப் போயிற்று, பாட்டு வீடுகளில் தங்கிவிட்டது. பிற்பாடு அச்சுப் புத்தகம் ஆளுக்கொன்று வந்து, நம்பர் பலகை வந்து, ஆர்கன் வந்து, மைக்கு வந்தும் வழக்கம் மாறவில்லை. ஏழு வீட்டாரில் ஒருவர் செத்தால் ஏழு வீடும் குழியைச் சுற்றி நிற்கும், அவரவர் கவியை அவரவர் வீட்டு மூத்த ஆண் எடுத்துக் கொடுப்பான், சபை கூடப் பாடும், ஏழும் முடிந்தபிறகுதான் ஐயர், நம் சபைப் பாதிரியார், முதல் பிடி மண்ணைப் போடுவார்.

அஞ்சாங்கவி நம் வீட்டுடையது. நடந்து களைத்தவன் ஒரு வாசலில் வந்து பாரத்தை இறக்கி வைக்கிற கவி. உன் அண்ணன் சுவாமியடியான் அதை எடுத்தால், காயலாங்கடையில் நாள் முழுக்க இரும்பு தூக்கின அந்தத் தோளிலிருந்து நிஜமாகவே எதையோ இறக்கி வைக்கிற மாதிரி இருக்கும், கேட்கிறவர்களுக்கும் தோள் லேசாகும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் பெட்டிக்குள் போனபின் அந்தக் கவி உன் வாய்க்கு வந்தது. நீ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அன்றைக்கு எபநேசர் ஐயர், போகிறவன் போகட்டும், சபையாக எல்லாரும் பாடுவோம் என்றார். பாடினோம். அவர் மண்ணைப் போட்டார். மண் விழுகிற சத்தம் பெட்டியின் மேல் கேட்டது, ஆனால் பெட்டியின் மேல் மண் இல்லை. வெட்டியான் நாலு கூடை தள்ளினான், நாற்பது கூடை தள்ளினான், வாலிபர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிப் பொழுது சாயும்வரை தள்ளினார்கள். குழி நிரம்பவில்லை, கரையில் இருந்த குவியலும் குறையவில்லை, பெட்டியின் மேல் நான் போட்ட ரோஜா மாலை மட்டும் அப்போது கட்டின மாதிரி ஈரமாக இருந்தது. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை மாசிலாமணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, "இது பாட்டு பாக்கி நிக்கிற குழி, மண்ணு கேக்காது" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போனார். அதற்கு மேல் அதைப்பற்றி யாரும் காரணம் கேட்கவில்லை. எப்படிச் சமாளிப்பது என்றுதான் கேட்டார்கள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் அடக்கம் முடியாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. மூன்று நாள் அங்கேயே இருந்தார்கள். நாலாம் நாள் பால் கறக்கிறவர்கள் போனார்கள், அஞ்சாம் நாள் பள்ளிக்கூட வாத்தியார்கள் போனார்கள், அப்புறம் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் குழிக்கு வந்து ஒன்றாங்கவியிலிருந்து நாலாங்கவி வரை பாடி, அஞ்சாங்கவி பாடுகிற நேரத்துக்குச் சும்மா நின்று, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டுக் கறி வாங்கப் போனார்கள். அந்தச் சும்மா நிற்கிற நேரம் அலைச் சத்தம் கேட்கும். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் அந்த நேரத்துக்கென்றே வருகிறார்கள். என்ன கேட்கிறது உங்களுக்கு என்று ஒருத்தியிடம் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை அக்கா, வராதவன் வருகிற வழி மாதிரி இருக்கிறது என்றாள்.

எபநேசர் ஐயர் பதிவேட்டில் அடக்கம் செய்த தேதி என்கிற கட்டத்தில் பென்சிலால் "நடைபெறுகிறது" என்று எழுதினார். அவர் மாற்றலாகிப் போனார். பின்னால் வந்த மூன்று ஐயர்மாரும் பொறுப்பேற்கிற நாளில், சாவிக்கொத்து ஒன்று, வெள்ளிப் பாத்திரம் ஒரு ஜோடி, நடைபெறுகிற அடக்கம் ஒன்று என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். திருச்சபை மேலிடத்திலிருந்து மூன்று பேர் கமிட்டி வந்தது. இளநீர் குடித்துவிட்டுக் குழியை எட்டிப் பார்த்து, மேற்கொண்டு பாடிப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அடக்கம் நடக்கிற ஊரில் கொட்டு மேளம் கூடாது என்பதால் ஒன்பது வருஷமாகக் கல்யாணத்துக்கெல்லாம் பேண்டு வாத்தியம் கிடையாது, மாப்பிள்ளையும் பெண்ணும் கோயில் வாசலிலிருந்து நேரே குழிக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டுத்தான் விருந்துக்குப் போவார்கள். அப்படிக் கல்யாணம் ஆனவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு, எல்லா ஊர்க் கோயிலிலும் இப்படி ஒரு குழி திறந்திருக்கும் என்றுதான் நினைப்பு. ஞாயிறு பள்ளிப் பரீட்சையில், நம் சபையின் சாக்கிரமந்துகள், அதாவது திருச்சடங்குகள், எவை என்ற கேள்விக்கு, ஞானஸ்நானம், திருவிருந்து, சுவாமியடியான் தாத்தா என்று ஒரு குட்டிப் பெண் எழுதியிருந்தாள். வாத்தியாரம்மா முழு மார்க் போட்டாள்.

குறையாத குவியல் என்றால் ஊர் விடுமா. நடுவில் ஒருமுறை ஊருக்குள் வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடத் தரையை அந்த மண்ணைக் கொண்டுதான் ஒரு முழம் உயர்த்தினார்கள், மீனவர் தெருவில் பள்ளமான வாசலெல்லாம் அந்த மண்தான், கடலுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி முடிந்துகொண்டு போகிறார்கள். ரோடு காண்டிராக்டர் ஒருத்தன் லாரியோடு வந்து என்னிடம் விலை பேசினான். நான் யார் என்று தெரியாமல் பேசினான். ஒன்பது வயசில் கோணிப்பை தூக்கி, பத்து ஊர் தெருவில் பழைய இரும்புக்கு நாய்க்கடி பட்டவள் நான், என்னிடம் விலை போகாதது இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இந்த மண்தான் என்று சொல்லி, லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டவைத்தேன்.

பாட்டுக்கும் முயற்சி பண்ணாமல் இல்லை. மாயவரத்திலிருந்து பெரிய பாடகர் குழு வந்து நாலு குரலில் பாடியது. குழி கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பிறகு யாரோ ஒரு பழைய கேசட்டைக் கண்டுபிடித்தார்கள், மூணாங்கவி வீட்டு அம்மா அடக்கத்தில் உன் அண்ணனே அஞ்சாங்கவியை எடுத்துக் கொடுத்தது அதில் பதிவாகியிருந்தது. குழியோரம் நாற்காலி போட்டு அதன் மேல் டேப்பை வைத்து ஓட்டினார்கள். தன் அடக்கத்துக்குத் தானே பாடினார் மனுஷன். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாரத்தை இறக்கி வைக்கிற அந்த அடி வந்தபோது, அவர் எப்போதும் விடுகிற சின்ன மூச்சு, தராசிலிருந்து மூட்டையை இறக்கும்போது விடுகிற அதே மூச்சு, டேப்பிலிருந்து வந்தது. ஒரு கூடை மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. "நல்லாத்தான் பாடுறாரு. ஆனா பிரயாணம் போறவரே தன்னை வழியனுப்பிக்கிட்டா எப்படிச் செல்லும்" என்றார் மாசிலாமணி. எல்லாரும் போனபின் நானும் பாடினேன். பெண் எடுத்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை, இருந்தாலும் பாடினேன். வார்த்தை வந்தது, ராகமும் வந்தது. என் கையால் ஒரு கூடை தள்ளினேன். குழி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீ அறிய வேண்டியது இன்னொன்று. இந்த ஒன்பது வருஷத்தில் ஏழு வீட்டாரில் ஒருத்தரும் சாகவில்லை. முன்னால் நிற்கிறவர் நகராமல் பின்னால் இருப்பவர் எப்படி நகர்வது. ஆறாங்கவி வீட்டு ராஜரத்தினம் தாத்தாவுக்குத் தொண்ணூற்றாறு. ஞாயிறு தவறாமல் நாற்காலியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், நாலாங்கவி முடிந்ததும் பல்செட்டைச் சரிபண்ணிக்கொண்டு, புத்தகத்தில் விரலை வைத்துத் தயாராவார், அப்புறம் விரலை எடுத்துவிடுவார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரிபூரணம், ஆறாங்கவி என் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. உன் கொழுந்தன் வந்து பாடினா நானும் பாடிட்டு, பின்னாலேயே கெளம்பிடுவேன். அந்த ஆளுக்கு ஒரு கார்டு போடேன்."

போடுகிறேன் தாத்தா என்றேன். ஒன்பது வருஷமாக அதையேதான் சொல்கிறேன். ஏன் போடவில்லை என்றால், என் மனசில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. தினம் காலையில் கடை திறக்குமுன் குழிக்குப் போவேன். செம்பு இன்றைக்கு என்ன விலை, பித்தளையில் எவன் ஈயம் கலந்து கொண்டுவந்தான், யார் வீட்டுக் கிரில்லை எவன் திருடிக் கொண்டுவந்து என்னிடம் செருப்படி வாங்கினான், எல்லாம் சொல்வேன். மாலை வாடாமல் இருக்கும். மற்ற பெண்டாட்டிகளுக்கெல்லாம் ஒரே நாளில் முடிந்துபோனது எனக்கு மட்டும் முடியாமல் இருக்கிறதே, புருஷன் பாதி வழியில்தானே நிற்கிறார், கூப்பிடு தூரம்தானே என்று இருந்தேன். நீ வராமல் இருந்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கடல் வந்துவிட்டது. போன வருஷம் கிழக்கு மதில் விழுந்தது, அதற்குப் பிறகு வடகிழக்கு மூலையில் நாலு வரிசைக் கல்லறை ஒவ்வொன்றாக இறங்கிப் போயின, பேரெழுதின சலவைக்கல்லை வலையில் எடுத்து மீனவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அலைக்கும் உன் அண்ணனுக்கும் நடுவே இப்போது பதினெட்டு அடி. நேற்று சாயங்காலம் என் சேலை முந்தானையால் அளந்தேன். பெட்டியைத் தூக்கி மேற்கே மாற்றலாம் என்று புது ஐயர் சொன்னார், பன்னிரண்டு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள், கயிறு மட்டும் மேலே வந்தது. இறக்கினது இறக்கினதுதான், இனி மூடத்தான் முடியும். ஐப்பசி பிறந்தால் கடல் ஏறும். அடங்கினவர்களைக் கடல் கொண்டுபோனால் பரவாயில்லை, அவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள். இவர் போய்ச் சேராதவர். வாசலுக்கு வெளியே பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷனை அலை அடித்துக்கொண்டு போனால் அவர் எந்த வாசலுக்குப் போவார், நீ சொல்லு.

சரி, பின்னால் சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்கிறேன்.

கோயில் ஆர்கனை எலி தின்றுவிட்டது, பழுது பார்க்க ஆள் இல்லை, எடைக்குப் போடலாம் என்று சபை தீர்மானம் போட்டது. எடுத்தவள் நான். பன்னிரண்டு வயசிலிருந்து அதற்குத் துருத்தி மிதித்து, எண்ணெய் போட்டு, பிறகு அதையே வாசித்தவன் நீ. நான் ஆள் வைத்துக் குழாய்களைப் பிடுங்குகிறபோது நீ பக்கத்தில் நின்று, சுருதி எடுக்கிற அந்தச் சின்னக் குழாயை மட்டும் கொடு அண்ணி என்றாய். ஒருத்தனுக்கு ஒன்று கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வருவான், வியாபாரம் வேறே, வீடு வேறே என்றேன். உன் அண்ணன் குனிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அவர் போனார்.

குழியோரம் நாலாங்கவி முடிந்தது. நீ புத்தகத்தைத் திறந்தாய். தொண்டையைச் செருமினாய், ஒருமுறை, இரண்டு முறை. எல்லாரும் காத்திருந்தார்கள். நீ என் பக்கம் திரும்பி மெதுவாக, "சுருதி கெடைக்கல அண்ணி" என்றாய். அழுதுகொண்டுதான் சொன்னாய், இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு, ஆர்கனை விற்றவளே என்று நீ சபை நடுவில் என் முகத்தில் எறிந்ததாகப் பட்டது. புருஷனைக் குழியில் வைத்துவிட்டு நிற்கிற என்னையா கேட்கிறாய் என்று ரத்தம் தலைக்கேறியது. வாய் திறந்தேன்.

"உன் பாட்டை என் தராசுல வச்சா முள்ளு அசையுமா? சுருதி கேக்குற நீ."

ஏழு வீடும் கேட்டது. ஐயர் கேட்டார். பெட்டிக்குள் இருந்தவரும் கேட்டிருப்பார். நீ புத்தகத்தை மூடினாய்.

இப்போது தெரிகிறதா நான் பாடினால் ஏன் மண் நிற்கவில்லை என்று. உன் கவி எடை இல்லாதது என்று சொன்ன வாய் இது. அதே வாயால் அந்தக் கவியைப் பாடினால் குழிக்கு என்ன காது கேட்காதா.

போன ஆனி மாசம் உன் அண்ணன் ஓட்டின மூணு சக்கர வண்டியை உடைத்து எடைக்குப் போடலாம் என்று எடுத்தேன். சீட்டுக்கு அடியில் ஸ்பானர் வைக்கிற டப்பாவில், அவர் பழைய சட்டையில் சுற்றி, அந்தச் சின்னக் குழாய் இருந்தது. நான் கட்டச் சொன்ன மூட்டையிலிருந்து அவர் உருவி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். உனக்குக் கொடுக்க வைத்திருந்தவர், என் வாய்க்குப் பயந்து நாள் பார்த்துக்கொண்டே இருந்து, நாள் பார்க்காமல் போய்விட்டார். தரையில் உட்கார்ந்து அதை ஊதிப் பார்த்தேன். நாலாங்கவி முடிந்து அஞ்சாங்கவி எடுக்கிற அந்த ஒரு சுரம், அதே சுரம், கடை முழுக்க நின்றது. உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த சைக்கிள், ஓட்டைக் குடம் எல்லாம் சேர்ந்து கூடவே கொஞ்சம் அதிர்ந்தன.

குழாயைப் பையில் போட்டுக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறினேன். உனக்குத் தெரியாது. நீ போகிற ஜெபக் கூட்டத்துக்கு வந்தேன், தகரக் கூரை போட்ட பெரிய ஹால், டிரம்ஸ், கீபோர்டு, சுவரில் வெளிச்சத்தில் பாட்டு வரிகள் ஓடின, புத்தகம் யார் கையிலும் இல்லை. ஆயிரம் பேர் கையைத் தூக்கிப் பாடினார்கள். கடைசி வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய், காதோரம் நரைத்து, அச்சு அசல் உன் அண்ணன் மாதிரி. உன் வாய் மூடியிருந்தது. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, ஏழு பாட்டு பார்த்தேன், நீ உதடு பிரிக்கவில்லை. மடியில் அந்தப் பழைய புத்தகம், அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மூடி வைத்திருந்தாய். ஒன்பது வருஷமாக ராஜரத்தினம் தாத்தா தொண்டையில் நிற்கிற முள் உன் தொண்டையிலும் நிற்கிறது என்று அப்போது கண்டேன். நாலு எட்டு வைத்தால் உன் தோளைத் தொட்டிருப்பேன். வைக்கவில்லை. எத்தனையோ சந்தையில் எத்தனையோ பேசியிருக்கிறேன், மன்னித்துக்கொள் என்ற சொல்லை எங்கேயும் எடுத்து வைத்ததில்லை, அதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. குழாயோடு போனவள் குழாயோடு திரும்பி வந்தேன்.

அதனால் எனக்குத் தெரிந்த முறையில் பேசுகிறேன், கேட்டுக்கொள்.

நீ என்னோடு பேச வேண்டாம். என் வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டாம். என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் நான் மதிலுக்கு வெளியே நிற்கிறேன், விழுந்த மதில்தான், இருந்தாலும் நிற்கிறேன். அண்ணி என்று கூப்பிட வேண்டாம். நான் சொன்னதை மன்னிக்க வேண்டாம், அதை நானே சுமந்துகொள்கிறேன், எனக்கு எடை தூக்கிப் பழக்கம். காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போய்விடு. இவ்வளவு தூரம் நான் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

ஆனால் கவியில் குறைக்க மாட்டேன். பாதி போதாது, முணுமுணுப்பு போதாது, ஓசூரிலிருந்து டேப்பில் அனுப்புகிற வேலை வேண்டாம். உன் காலால் வந்து, நீயே கோடு கிழித்த அந்த இடத்தில் நின்று, உன் அண்ணன் காது கேட்க, முழு அஞ்சாங்கவியையும் நீ எடுத்துக் கொடு. குழாயை வேப்பங்கிளையில் அவர் சட்டையோடு கட்டித் தொங்க விட்டிருக்கிறேன், சுருதி கிடைக்கவில்லை என்று இந்தத் தடவை நீ சொல்ல முடியாது. உன் செருப்பையும் துடைத்து வைத்திருக்கிறேன், போகும்போது போட்டுக்கொண்டு போ. ராஜரத்தினம் தாத்தா பல்செட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அலை பதினெட்டு அடியில் இருக்கிறது. நீ தூக்கிக்கொண்டு போனதைக் கொண்டுவந்து வை. பாடு. மண்வெட்டி என் கையில் இருக்கிறது, மூடுகிறவள் நான்.